‘மறுபடியும்’ என்றொரு சொல் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

போட்டித் தேர்வுக்காக அமெரிக்க வரலாறு படித்துவருகிறேன். ‘ஐம்பத்து நான்கு நாற்பது, இல்லையேல் போர்’ என்ற முழக்கத்தால்தான் 1844 அதிபர் தேர்தலில் ஜேம்ஸ் போல்க் ஜெயித்தார் என்று ஒரு வழிகாட்டி நூல் சொல்கிறது. இது சரியா? ‘அமெரிக்காவை மறுபடியும் மகத்தானதாக்குவோம்’ டிரம்ப்பின் சொந்த வாசகமா? இவற்றை எப்படிச் சரிபார்ப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முழக்கம் உண்மை, ஆண்டுதான் தவறு. 54 பாகை (டிகிரி) 40 கலை (நிமிடம்) என்பது அட்சரேகை. அன்று ரஷ்யாவிடம் இருந்த அலாஸ்காவின் தெற்கு எல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் உரிமை கோரிய மேற்குக் கரைப் பகுதியான ஓரிகன், அந்தக் கோடுவரை முழுக்க எங்களுக்கே என்ற அமெரிக்கர்களின் முழக்கம் அது. போல்க் பதவியேற்றபின், பிரிட்டனோடு இழுபறி முற்றிய 1845-46-ல்தான் அது பரவியது. கடைசியில் 1846 ஜூனில் 49-வது அட்சரேகையில் எல்லையை ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் மெக்சிகோவுடன் போர் தொடங்கியிருந்தது.

1844 பிரசாரத்தில் உண்மையிலேயே ஓடிய வாசகம் வேறு. அந்த மே மாதம் பால்டிமோரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தீர்மானத்தில் அது இருக்கிறது: ஓரிகனை ‘மறுபடி’ வசப்படுத்துவோம், டெக்சாஸை ‘மறுபடி’ இணைப்போம். டெக்சாஸை அமெரிக்கா அதற்குமுன் ஒருநாள்கூட ஆண்டதில்லை. 1803-ல் பிரான்சிடம் லூசியானாவை வாங்கியபோது டெக்சாஸும் அதில் சேர்த்தி என்று வாதாடிப் பார்த்தது. 1819-ல் ஸ்பெயினோடு செய்த ஒப்பந்தத்தில் அந்த வாதத்தைக் கைவிட்டது. 1844-ல் டெக்சாஸ் தனிக் குடியரசு. அந்தப் பழைய வாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் ‘மறுபடி’ உள்ளே வந்தது. ஆசைப்பட்ட நிலம் பறிகொடுத்த நிலமாகிவிடுகிறது. கேட்பவனுக்குக் கூச்சமும் போய்விடுகிறது. அடிமை முறை நடப்பிலிருந்த ஒரு நாட்டைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மறைந்துபோனது. என் கணக்கில், அமெரிக்கத் தேர்தல்களிலேயே மிக ஆபத்தான சொல் இதுதான்.

இரண்டாவது கேள்விக்கும் இதுவே வழி. 1980 அதிபர் தேர்தலில் ரீகன் அதே ‘மறுபடியும்’ என்ற சொல்லோடு இந்த வாசகத்தை எடுத்தார். விலைவாசி ஒரே ஆண்டில் 13 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. தெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகள். எதையோ இழந்துவிட்டோம் என்ற எண்ணம் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருந்தது. 1991-ல் வேட்பாளராகத் தன்னை அறிவித்த உரையில் கிளின்டனும் இந்த வாசகத்தைச் சொன்னார். டிரம்ப் 2012 நவம்பரில் அதை வணிகக் குறியீடாகப் பதிய விண்ணப்பித்தார். நீங்கள் எழுதியிருக்கும் தமிழாக்கம் உண்மையில் ரீகனுடையது: ‘ஆக்குவோம்’. டிரம்ப்பின் வாசகத்தில் அந்த ‘வோம்’ இல்லை. வெறும் ‘ஆக்கு’.

சரிபார்க்க முதலில் கட்சித் தீர்மானத்தைப் படியுங்கள். பழைய தீர்மானங்கள் முழுதாகவே இணையத்தில் கிடைக்கின்றன. பிறகு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இலவசப் பழைய நாளிதழ்த் தொகுப்பில், மாநாட்டு நாளுக்கும் வாக்குப்பதிவு நாளுக்கும் இடைப்பட்ட இதழ்களில் மட்டும் தேடுங்கள். படமாக்கிய இதழ்களில் பாகை, கலைக் குறிகளைக் கணினி தப்பாகப் படிக்கும். அதனால் எண்ணை எழுத்தாலும் போட்டுத் தேட வேண்டும். வரி முடிவில் உடைந்த சொல்லும் சிக்காது, ஆகவே இரண்டு மூன்று துண்டுகளாகத் தேடிப் பாருங்கள். முழக்கம் பொறித்த பொத்தானின் படத்தைக் கண்டால் நம்பிவிடாதீர்கள். சட்டையில் குத்தும் செல்லுலாய்டு பொத்தான் பரவலானது 1896 தேர்தலில்தான். போல்க் காலத்து ஆதரவாளர்கள் அணிந்தது பட்டு நாடாவும் துளையிட்ட உலோகப் பதக்கமும்.