888 விசா: சொத்துக் கணக்கில் மறுப்பு வந்தால்

ஆஸ்திரேலியாவின் 188 தொழில் விசாவுக்குப் புது விண்ணப்பம் வாங்குவது 2024 ஜூலை 31-உடன் நின்றுவிட்டது. ஏற்கெனவே 188-இல் இருப்பவர்கள் 888 நிரந்தர விசாவுக்குப் போகும் வழி மட்டும் திறந்திருக்கிறது. அங்கே சொத்து மதிப்பில் இடறியவர்களின் கேள்விகள் இவை.

மறுப்புக் கடிதம் மின்னஞ்சலில் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆடிட்டர் இன்னும் ஒரு மாதம் கேட்கிறார். பொறுக்கலாமா?

கூடவே கூடாது. நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட 28 நாள்தான், சனி ஞாயிறும் சேர்த்து. மின்னஞ்சல் அனுப்பிய அன்றே உங்களுக்குக் கிடைத்ததாகக் கணக்கு. ஒரு நாள் தாண்டினாலும் நீட்டித்துத் தரத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை. மறுப்புக் கடிதத்தை இணைத்து மனுவைப் போட்டுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். ஆடிட்டரின் கணக்கைப் பிறகு சேர்க்கலாம்.

தொழிலில் நிகரச் சொத்து (சொத்தில் கடன் போக மிச்சம்) 2,00,000 டாலர் இல்லை என்கிறார்கள். ஜூன் 30 பேலன்ஸ் ஷீட்டில் 2,10,000 இருக்கிறதே?

ஜூன் 30 அன்று இருந்தது சரி. விதி கேட்பது, விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய 12 மாதம் முழுவதும். 2024 பிப்ரவரி 14-இல் விண்ணப்பித்திருந்தால் 2023 பிப்ரவரி 14-இலிருந்து ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகை நின்றிருக்க வேண்டும். நடுவில் ஒரு மாதம் 40,000 எடுத்து வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் அங்கேயே சரிந்துவிடும். எனவே மாதவாரியாகச் சொத்து, கடன், நிகரம் என்று கணக்காளரிடம் ஒரு அட்டவணை வாங்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் வங்கி அறிக்கை, சரக்கிருப்புப் பட்டியல், வரி அலுவலகத்துக்குப் போன பி.ஏ.எஸ். (தொழில் நடவடிக்கை அறிக்கை) படிவம் துணை நிற்க வேண்டும்.

கடன் பக்கத்தில் 'இயக்குநர் கடன்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். மொத்தச் சொத்து 3,40,000, கடன் 1,55,000 என்றால் நிகரம் 1,85,000. அந்தக் கடனில் 40,000 நீங்களே நிறுவனத்துக்குக் கொடுத்ததென்றால், அது தொழிலில் இருக்கும் உங்கள் பணம் என்று வாதிட இடம் உண்டு. கடன் ஒப்பந்தமும் பணம் போன வங்கிச் சுவடும் வேண்டும். இல்லாத ஒப்பந்தத்தை இப்போது எழுதிப் பழைய தேதி போடாதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் மூன்று ஆண்டுத் தடை வரும். அதற்கு இந்த மறுப்பே மேல்.

இன்னொன்று. மூன்று நிபந்தனைகளில் இரண்டு நிறைந்தால் போதும்: தொழில் நிகரம் 2,00,000, தொழிலும் சொந்தச் சொத்தும் சேர்த்து 6,00,000, இரண்டு முழுநேர ஊழியருக்கு ஈடான வேலை. ஊழியர்கள் குடும்பத்தினராக இருக்கக் கூடாது. முன்பணமாகப் போன அந்த 40,000 முதல் கணக்கில் குறைந்தாலும், வீடு ஆஸ்திரேலியாவில் இருந்தால் 6,00,000-க்குள் நிற்கும். தோற்ற நிபந்தனையையே பிடித்துத் தொங்காமல் மற்ற இரண்டையும் கணக்கிட்டுப் பாருங்கள்.

சென்னை வீட்டையும் தம்பி பெயரில் உள்ள மெல்பர்ன் வீட்டையும் 6,00,000-இல் சேர்க்கலாமா?

சென்னை வீடு சேராது. ஆஸ்திரேலியாவில் உள்ள சொத்து மட்டுமே. தம்பி பெயரில் இருப்பது உண்மையில் உங்களுடையது என்றால், பத்திரமோ நம்பக (டிரஸ்ட்) உடன்படிக்கையோ முத்திரையிடப்பட்டோ பதிவாகியோ இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முந்தைய காலம் கணக்கில் வராது. கணவன் மனைவி கூட்டாக வைத்திருப்பது முழுவதும் சேரும். வீட்டுக்கடன் பாக்கியைக் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டு முகவர் தரும் ஒரு பக்க மதிப்பு எடுபடாது. உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் அந்த 12 மாதத்தின் தொடக்க நாளிலும் இறுதி நாளிலும் வீடு என்ன மதிப்பில் இருந்தது என்று கணித்துத் தரும் மதிப்பீடு கேளுங்கள்.

இப்போது என்னிடம் 9,00,000 இருக்கிறது. தீர்ப்பாயம் ஏற்குமா?

ஏற்காது. புதிய சான்று செல்லும். ஆனால் அது பழைய 12 மாதத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். உங்கள் 188 இன்னும் உயிரோடு இருந்தால், மாநில அரசின் நியமனம் (பரிந்துரை) மீண்டும் வாங்கிப் புதிய 888 விண்ணப்பம் போட முடியுமா என்று இன்றே பதிவுபெற்ற குடிவரவு முகவரிடமோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள். முறையீடும் அதுவும் சேர்ந்தே நடக்கலாம். 188 முடிந்து பிரிட்ஜிங் விசாவில் (முடிவு வரும்வரை தங்கத் தரும் இடைக்கால விசா) இருப்பவருக்கு ஆஸ்திரேலியாவுக்குள் அந்தக் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

வென்றால் அன்றே விசாவா?

இல்லை. இந்த நிபந்தனை நிறைவேறியது என்று சொல்லிக் கோப்பை, விசாவை மறுத்த உள்துறைக்கே திருப்புவார்கள். உடல்நலம், நன்னடத்தை போன்ற மிச்சச் சோதனைகள் அங்கே நடக்கும். கட்டணத்தில் பாதி திரும்ப வரும். தோற்றால் 35 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். ஆனால் அங்கே சட்டப் பிழையை மட்டுமே பார்ப்பார்கள், பேலன்ஸ் ஷீட்டை மறுபடி பிரிக்க மாட்டார்கள்.