ஆடுறதா, செட் போடுறதா?

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயசு. சின்ன வயசுலேர்ந்து பரதம், அரங்கேற்றமும் ஆச்சு. எங்க டான்ஸ் கிளாஸ் ஆண்டு விழாவுக்கு ஐட்டம் கம்போஸ் பண்றதும் நான்தான், பின்னாடி செட்டுக்கு தெர்மாகோல் வெட்டி பெயின்ட் அடிக்கிறதும் நான்தான். ரெண்டுமே உசுரு. வீட்ல "ஏதாவது ஒண்ணுல உருப்படியா நில்லு"ங்கிறாங்க. ஒண்ண விட்டுத்தான் ஆகணுமா?
- வாசகி, திருச்சி

பதில்: விடவே வேணாம்மா. நீ ரெண்டு வேலைன்னு நினைக்கிற, எனக்கு அது ஒரே வேலையாத்தான் தெரியுது, ஒரு உடம்பு மேடையில எங்க நிக்குது, அதைச் சுத்தி எவ்ளோ இடம் இருக்கு, ரெண்டுலயும் யோசிக்கிறது இதைத்தானே.

நம்ம சென்னையில இருந்த சந்திரலேகா பரதம் ஆடினவங்க, போஸ்டரும் டிசைன் பண்ணவங்க. 1985ல பண்ண 'அங்கிகா'வுல பரதத்தோட களரி, யோகால்லாம் சேத்தாங்க. மேடையில பெருசா எதையும் அடைக்க மாட்டாங்க, அந்தக் காலி இடமும் டிசைன்தான். கிரீஸ்ல திமித்ரிஸ் பாபாயோவானூங்கிறவர் ஓவியம் படிச்சு காமிக்ஸ் வரைஞ்சிட்டிருந்தவரு, நடனத்துக்கு வந்து கடைசில 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவையே உருவாக்கினார்.

எனக்கு ரொம்பப் புடிச்சது 1935ல அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் ஆடின 'ஃபிரான்டியர்'. செட் பண்ணவர் இசாமு நொகுச்சிங்கிற சிற்பி. ஒரு துண்டு வேலி, அது பின்னாடியிருந்து மேல ரெண்டு மூலைக்கும் விரியற ரெண்டு கயிறு, அவ்ளோதான்! அந்தக் கயித்தப் பாத்தாலே பெரிய வெட்டவெளி கண்ணுக்குத் தெரியும். அதனால தெர்மாகோல் கோபுரத்தக் கொஞ்ச நாள் ஓரமா வைம்மா.

முதல்ல அளவு கத்துக்கோ. நான் ஆரம்பத்துல ஒரு நாட்டிய நாடகத்துக்கு மூணு படி வச்சு செட் போட்டேன், பாக்க அவ்ளோ அழகு, ஆனா படி அகலம் 8 இன்ச்தான், ஆடுற பொண்ணு முன்னாடி காலை நீட்டி நாட்டினா குதிகால் வெளிய தொங்குது. உள்ள வெத்து பிளைவுட்டுங்கிறதால பாதத்தத் தட்டி ஆடுற தட்டடவுக்கு டொம்மு டொம்முன்னு சத்தம், நட்டுவாங்கத் தாளமே கேக்கல. அன்னிக்கு அந்தப் பொண்ணு பயந்து பயந்து ஆடினது இன்னும் கண்ணுல நிக்குது. படியில நானே ஏறி ஒரு தடவை ஆடிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீ ஆடத் தெரிஞ்ச டிசைனர், இந்தத் தப்ப நீ பண்ண மாட்ட, உன் பலமே அதுதான்.

இப்பவே ஒரு மாடல் செய். 1:25 அளவு, அதாவது நிஜத்துல 1 மீட்டர்னா அட்டையில 4 சென்டிமீட்டர். 160 சென்டிமீட்டர் உசரமுள்ள பொண்ணு 6.4 சென்டிமீட்டர் வருவா, அவள அட்டையில வெட்டி நிக்க வை. ஒரு டார்ச்ச பக்கத்துலேர்ந்து அடி, அப்புறம் மேலேர்ந்து அடி. பச்சைக் கலர் பேப்பர் வழியா அடிச்சா செவப்புப் பட்டு கறுப்பாத் தெரியும், டிரஸ்ஸுக்குக் காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடியே இதெல்லாம் புரிஞ்சிடும்.

முறையா படிக்கணும்னா டெல்லி தேசிய நாடகப் பள்ளியோட 3 வருஷப் படிப்புல டிசைனும் இருக்கு, புதுச்சேரி பல்கலைக்கழகத்துலயும் நாடகத் துறை இருக்கு. நடனம் ஏற்கனவே உன் கையில இருக்கறதால நான் நாடகப் பக்கம்தான் போகச் சொல்வேன்.

காசு உடனே கொட்டாது, பொய் சொல்ல மாட்டேன். மத்தவங்க நிகழ்ச்சிக்கு லைட்டு, செட்டுன்னு எடுத்துப் பண்ணு, பில்லுல கோரியோகிராபிக்குத் தனி, செட்டுக்குத் தனின்னு எழுது. சேத்து ஒரு தொகை சொன்னா செட்ட ஓசியாத்தான் நினைப்பாங்க. வீட்ல மறுபடி கேட்டாங்கன்னா அந்த மாடலத் தூக்கி டேபிள் மேல வச்சு, லைட்ட ஆஃப் பண்ணிட்டு டார்ச்ச அடிச்சுக் காட்டும்மா.