அந்த மடிப்பை அயர்ன் பண்ணாதீங்க தம்பி

அண்ணா வணக்கம். ஹாம்பர்க்ல வேலை பாக்குறேன். போன மாசம் இங்க ஒரு பழைய சாமான் சந்தையில ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஆளுங்க போடுற சாம்பல் கலர் லெதர் கோட் ஒண்ணு வாங்கினேன். அதே ஆள்கிட்ட ரெண்டாம் உலகப்போர் காலத்து நோட்டீஸ் மூணும் கிடைச்சது, நேச நாடுகள் பிளேன்ல இருந்து போட்ட 'பாசியர்ஷைன்', அதாவது சரணடையற ஜெர்மன் சிப்பாய்க்கான பாதுகாப்புச் சீட்டு. எட்டா மடிச்சு கசங்கிப் போயிருக்கு, அயர்ன் பண்ணி லேமினேட் போட்டு மாட்டலாம்னு மெஷின் கூட வாங்கிட்டேன். மனைவி 'செத்தவன் சட்டை வீட்டுக்குள்ள எதுக்கு'ன்னு சண்டை. கோட் ஒரிஜினலான்னு எப்படிப் பாக்குறது? நாஜி காலத்துப் பொருளை வெச்சுக்கறது தப்பா? வித்தா என்ன விலை போகும்?
– சரவணன்

அன்புள்ள சரவணன்,

விலை பத்தி நான் பேசப்போறதில்ல, அதுக்கு ஏலக் கம்பெனிக்காரங்க இருக்காங்க. சட்டம் உங்க ஊர்ல தெளிவாவே இருக்கு, வீட்டுக்குள்ள சேகரிச்சு வெச்சுக்கலாம், ஸ்வஸ்திகா சின்னத்தை பொது இடத்துல காட்டக்கூடாது. கோட்டைப் பொறுத்தவரை, அந்த சாம்பல் லெதருக்கு நகல் ஏகப்பட்டது வந்திருக்கு, அதனால விக்கிறவர் சொல்றதை மட்டும் நம்பாம தையல், பட்டன், உள்துணி எல்லாத்தையும் ஒரு மியூசியம் ஆள்கிட்ட காட்டுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், நாளைக்கு நீர்மூழ்கி ஆளுங்க போட்டதுன்னு ஒரு காக்கி சட்டை கிடைச்சு அதுல பிரிட்டிஷ் லேபிள் இருந்தா உடனே போலின்னு ஒதுக்கிடாதீங்க. 1940-ல பிரான்ஸ் விழுந்தப்போ பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன பேட்டில்டிரெஸ், அதாவது சிப்பாய் உடுப்பு, மூட்டை மூட்டையா ஜெர்மன்காரன் கையில கிடைச்சுது, அதைத்தான் நீர்மூழ்கி ஆளுங்க கடல்ல போட்டுக்கிட்டாங்க, அப்புறம் அதே மாதிரி தாங்களே தைக்கவும் செஞ்சாங்க.

உங்க மனைவி சொன்னதை சண்டைன்னு எடுத்துக்காதீங்க தம்பி. அந்தப் போர்ல நீர்மூழ்கியில போன சுமார் 40 ஆயிரம் பேர்ல 30 ஆயிரத்துக்குப் பக்கம் திரும்பி வரல. அவங்க மூழ்கடிச்ச கப்பல்கள்ல நம்ம நாட்டு கப்பல் தொழிலாளிகளும் செத்தாங்க. 1940 செப்டம்பர்ல யு-48ங்கற ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடிச்ச 'சிட்டி ஆஃப் பெனாரஸ்'ல, குண்டுவீச்சுக்குத் தப்பிக்க கனடாவுக்கு அனுப்பின 90 குழந்தைகள்ல 77 பேர் போயிட்டாங்க, இந்திய மாலுமிகளும் நிறைய பேர் போயிட்டாங்க. கோட்டை ஹால்ல மாட்டி வர்றவங்ககிட்ட பெருமை பேசறதா இருந்தா உங்க மனைவி பக்கம்தான் நான்.

ஆனா எனக்கு தூக்கம் கெட்டது அந்த அயர்ன் பாக்ஸ்னாலதான். என்ன காரியம் பண்ணப் பாத்தீங்க!

கொஞ்ச நாளா இதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். கசங்காத, மடிக்காத நோட்டீஸுக்குத்தான் சேகரிக்கிறவங்க மத்தியில மதிப்பு ஜாஸ்தி. அந்த மாதிரி பளபளன்னு இருக்கறது பெரும்பாலும் வானத்துல இருந்து விழுந்ததே இல்ல, அச்சாபீஸ் கட்டுல மிஞ்சினது. போர் தொடங்கின 1939 செப்டம்பர் 3 ராத்திரியே பிரிட்டிஷ் விமானங்க ஜெர்மனி மேல லட்சக்கணக்குல நோட்டீஸ் கொட்டிச்சு, அப்புறம் அமெரிக்காக்காரன் கெட்டி காகிதத்துல ஒரு குண்டு செஞ்சான், மன்ரோ குண்டுன்னு பேரு, ஒண்ணுல 80 ஆயிரம் நோட்டீஸ், தரைக்குக் கொஞ்சம் மேல வெடிச்சு சிதறும். அப்படி விழுந்ததை ஜெர்மன் ஆளுங்க எடுத்தா உடனே ஒப்படைச்சாகணும், ஒளிச்சு வெச்சது தெரிஞ்சா தண்டனை. பாசியர்ஷைன் வெச்சிருந்தா சரணடையத் தயாராயிட்டான்னுதான் அர்த்தம். நேச நாட்டுப் படைத் தலைவர் ஐசனோவர் கையெழுத்தோட, பாண்டு பத்திரம் மாதிரி பார்டர் போட்டு, இதைக் காட்டுறவனை நல்லா கவனிச்சுக்கணும், சாப்பாடும் வைத்தியமும் கொடுக்கணும்னு ரெண்டு மொழியில எழுதியிருக்கும்.

இப்ப சொல்லுங்க, அதை எட்டா மடிச்சவன் எதுக்கு மடிச்சான்? பூட்ஸுக்குள்ளயோ கோட் உள்துணிக்குள்ளயோ ஒளிக்கறதுக்குத்தான் இருக்கணும். அதிகாரி கண்ணுல படாம, பக்கத்துல படுத்திருக்கறவனுக்குக் கூட தெரியாம. ஒருத்தன் மனசு மாறினதுக்கு வேற எந்த ரெக்கார்டும் கிடையாது, அந்த மடிப்பு மட்டும்தான் இருக்கு. அச்சடிச்ச வாசகம் எத்தனையோ லட்சம் காப்பி இருக்கு தம்பி, அந்த மடிப்பு ஒண்ணே ஒண்ணுதான். அதைப் போய் கசங்கல்ங்கறீங்க.

எங்க தாத்தா அந்தப் போர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற இந்திய ராணுவப் பொறியாளர் பிரிவுல இருந்து இத்தாலி போனவர். வெள்ளைக்காரனுக்காக நீ ஏன் சாகறேன்னு இந்திய சிப்பாய்களுக்கு ஜெர்மன்காரன் போட்ட நோட்டீஸ் ஒண்ணு அவர்கிட்ட இருந்துச்சு. அந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் நாலா மடிச்சு, ராணுவத்துல இருந்து விடுவிச்சப்போ கொடுத்த டிஸ்சார்ஜ் புக்குக்குள்ள கடைசி வரைக்கும் வெச்சிருந்தார். வெத்தல போட்டுக்கிட்டே எடுத்துப் பாத்ததுல ஒரு ஓரத்துல சுண்ணாம்பு விரல் பதிஞ்சு வெள்ளையா இருக்கும், மடிப்பு ஓடுற இடத்துல மை தேஞ்சு எழுத்தே இருக்காது. எத்தனை தடவை பிரிச்சிருப்பார்னு அதைப் பாத்தா தெரியும். தாத்தா போனதுக்கப்புறம் சித்தப்பா, பாசத்துலதான், சுண்ணாம்பைத் தொடச்சுட்டு, இஸ்திரி போட்டு, ஜெராக்ஸ் கடையில லேமினேட் பண்ணிக்கிட்டு வந்தார். சூட்டுல நடு மடிப்பு பொளந்துடுச்சு. இப்ப குமிழ் குமிழா காத்து ஏறி, மஞ்சளாகி, பிளாஸ்டிக்குக்குள்ள கிடக்கு. அந்தப் பசை உருகி காகித நாருக்குள்ளயே இறங்கிடும், பிரிச்செடுக்க முடியாது. தாத்தா விரல் போச்சு. இன்னிக்கும் அதை நினைச்சா எனக்கு ஆத்திரம் வருது.

அதனால கெஞ்சிக் கேக்கறேன், மெஷினைத் திருப்பிக் கொடுத்துடுங்க. அமிலம் இல்லாத காகித உறை வாங்கி, ஒவ்வொரு நோட்டீஸையும் கிடைச்ச மடிப்போடயே போடுங்க. படிக்கணும்னா ஒரே ஒரு தடவை மெதுவா பிரிச்சு, ரெண்டு பக்கமும் படம் எடுத்துட்டு, பக்கவாட்டுல டார்ச் அடிச்சு மடிப்பு தெரியற மாதிரி இன்னொரு படமும் எடுத்துக்கங்க. கோட்டுக்கு எண்ணெய், பாலிஷ் எதுவும் வேண்டாம், தடிமனான ஹேங்கர்ல வெயில் படாம தொங்கட்டும், பிளாஸ்டிக் கவர் போடாதீங்க. உள்பாக்கெட்ல பேரோ நம்பரோ எழுதியிருந்தா கை வைக்காதீங்க.

இன்னொரு வேலையும் இருக்கு. அடுத்த சந்தைக்குப் போய் அந்த வியாபாரியைப் பிடிச்சு, இது எந்த ஊர்ல எந்த மாதிரி வீட்டைக் காலி பண்ணப்ப வந்தது, கோட்டும் நோட்டீஸும் ஒரே வீட்டுலயா இல்ல தனித்தனியா வந்ததான்னு கேளுங்க. ரெண்டும் ஒரே பெட்டியில இருந்ததுன்னா அதை எக்காரணம் கொண்டும் பிரிச்சு விக்கக்கூடாது. அவர் சொல்றதை தனித் தாள்ல பென்சில்ல தேதியோட எழுதி உறையோட சேர்த்து வெச்சுட்டு, எனக்கும் ஒரு மெயில் போடுங்க.