கொல்லையில் வல்லூறுக் குஞ்சுகள்

கேள்வி: எங்கள் கொல்லை வேப்பமரத்தில் வல்லூறு குஞ்சு பொரித்தது. மூன்றும் பறக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. ஓயாமல் கத்துகின்றன. அணிலைத் துரத்துகின்றன, ஒன்றும் சிக்குவதில்லை. கறித்துண்டு போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போடாதீர்கள். பறக்கத் தொடங்கிய பிறகும் சில வாரங்களுக்குத் தாயும் தகப்பனும்தான் இரை கொண்டுவரும்; அந்தக் கத்தல் அதற்குத்தான். வெறும் சதைக்கறியில் போதுமான சுண்ணாம்புச் சத்தும் கிடையாது. தரையில் இறங்கித் தின்னப் பழகினால் பூனை விடாது.

வல்லூறு இலை மறைவில் அசையாமல் இருந்து, தாழப் பறந்து, சில நொடியில் அடிக்கிற பறவை. குஞ்சுகளோ மொட்டைக் கிளையில் உட்கார்ந்து கத்தித் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கும். எட்ட இருந்தே கிளம்பும். அதற்குள் அணில் கீச்சிட்டுவிட்டு அடிமரத்தைச் சுற்றி மறுபக்கம் போயிருக்கும். குஞ்சு கையில் மரப்பட்டைதான் மிஞ்சும். அப்படியே சிக்கினாலும் நழுவிவிடும்: வல்லூறு இரையைக் கொல்வது கால்விரல்களால் இறுக்கி, அந்தப் பிடி குஞ்சுக்கு இன்னும் வரவில்லை.

அணிலை விடுங்கள், மற்றதைக் கவனியுங்கள். சருகையும் காய்ந்த குச்சியையும் பாய்ந்து பிடித்து, மிதித்துக் கிழிக்கின்றனவா? அது கால் பழகுகிற வேலை. தட்டான், வெட்டுக்கிளி முதலில் கைவரும், பிறகு ஓணான். கத்தல் குறைந்து ஆளுக்கொரு பக்கம் பிரிந்தால் தேறிவிட்டன எனலாம். மரத்தடியில் நிற்காமல் ஜன்னலுக்குள்ளிருந்து பாருங்கள், 8 மடங்கு பைனாகுலர் தாராளம்.

எலி மருந்து மட்டும் கூடவே கூடாது. மருந்து தின்று தள்ளாடும் எலிதான் கற்றுக்குட்டிக்குச் சுலபமாக மாட்டும். விஷம் அதற்கும் இறங்கும்.

கேள்வி: நெஞ்சில் கோடுகளும் வாலில் பட்டைகளுமாக ஒரு குஞ்சு. தவிட்டுக்குருவிகள் அதற்கு ஊட்டுகின்றன. வல்லூறுதானே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை, அக்காக்குயில் குஞ்சு. தாய் தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிட்டுப் போயிருக்கும். உருவம் வல்லூறைப் போலவே இருப்பதால் ஏமாறுவது சகஜம். அலகைப் பாருங்கள்: வல்லூறுக்குக் கொக்கி போல வளைந்திருக்கும், காலில் கூர்நகங்கள், தொண்டை நடுவே ஒரு கருங்கோடு. வளர வளர நெஞ்சின் நீளக் கோடுகள் போய்க் குறுக்குக் கோடுகள் வரும்.

கேள்வி: தரையில் விழுந்த வல்லூறுக் குஞ்சை வீட்டில் வளர்க்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காயமில்லை என்றால் தடித்த துணியால் பிடித்து அருகிலுள்ள கிளையில் விடுங்கள்; மனிதக் கை பட்டதென்று பெற்றோர் ஒதுக்காது. இறக்கை தொங்கினால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.