ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்? கார் எரிபொருள் கேள்வி பதில்

காருக்கு எந்த எரிபொருள் லாபம், மைலேஜை எப்படிக் கூட்டுவது என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், என்னுடையது 2018 மாடல் பெட்ரோல் கார். லிட்டருக்கு 18 கொடுத்தது. இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்தபிறகு 14 தாண்டவில்லை. எத்தனால்தான் காரணமா? (திண்டுக்கல்)

பதில்: எத்தனாலுக்குப் பங்கு உண்டு. ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் 21தான். அதனால் கலப்பே இல்லாத பெட்ரோலைவிட இ20-ல் ஆற்றல் 7 சதவீதம் குறைவு. நீங்கள் முன்பு போட்டதும் சுத்தமான பெட்ரோல் இல்லை. 2022-லேயே சராசரிக் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. அதிலிருந்து கணக்கிட்டால் குறைவது 3, 4 சதவீதம். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்றது. அதையே எடுத்துக்கொண்டாலும் 18 கொடுத்த வண்டி 16.7-ல் நிற்க வேண்டும்.

14 என்றால் வண்டியில் வேறு ஏதோ இருக்கிறது. முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அப்புறம், அதிகம் பிரேக் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் தொடாமல் கையைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் அங்கேதான் போகிறது. இரண்டும் சரியாக இருந்தால், புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய வண்டியில் இ20 போட்டால் இன்ஜின் கெட்டுவிடுமா?

பதில்: ஒரே நாளில் எதுவும் ஆகாது. எத்தனால் பழைய வகை ரப்பர் பைப், சீல், ஓரிங் இவற்றை மெதுவாக இறுகவோ ஊறவோ செய்யும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் இதைத் தாங்கும் பாகங்கள் இருக்கின்றன. அதற்கு முந்தைய வண்டி என்றால் சர்வீஸின்போது ஃப்யூல் பைப்பை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் கால் டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

கேள்வி: ஆற்றல் குறைவு என்றால் விலையும் குறைய வேண்டாமா?

பதில்: குறையத்தான் வேண்டும். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. பிரேசிலில் 2003 முதல், பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் கார்கள் ஓடுகின்றன. பங்க்கில் எத்தனாலுக்குத் தனிக் குழாய், தனி விலை. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல் என்று ஓட்டுநர்கள் பங்க்கிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். அங்கே பெட்ரோலிலும் 2025 ஆகஸ்ட் முதல் 30 சதவீதக் கலப்பு உண்டு என்றாலும், எதைப் போடுவது என்பது வண்டிக்காரர் கையில் இருக்கிறது. நம்மூரில் பெரும்பாலோருக்கு அந்தத் தேர்வு இல்லை. கலப்பு நல்லதா கெட்டதா என்பதைவிட இதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) வண்டி 34 கொடுக்கும் என்கிறார்கள். பெட்ரோலில் 24தான். சிஎன்ஜி இன்ஜின் அவ்வளவு சிக்கனமா? (ஓசூர்)

பதில்: தம்பி, அந்த 34 கிலோவுக்கு, 24 லிட்டருக்கு. ஒரு கிலோ சிஎன்ஜியில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல் இருக்கிறது. அதனால் இன்ஜின் சிக்கனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, லாபம் விலையில்தான். உங்கள் ஊரில் ஒரு கிலோ சிஎன்ஜி விலையை 34-ஆலும், ஒரு லிட்டர் பெட்ரோல் விலையை 24-ஆலும் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிலோமீட்டருக்கு மிச்சமாகும் ரூபாய். வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை அதால் வகுத்தால், எத்தனை கிலோமீட்டரில் போட்ட பணம் திரும்பும் என்பதும் தெரியும். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு நான் சிஎன்ஜி சொல்ல மாட்டேன்.

டிக்கி பெரும்பாலும் சிலிண்டருக்கே போய்விடும், மேட்டில் இழுவை கொஞ்சம் குறையும். சிலிண்டரில் வாயு 200 பார் அழுத்தத்தில் இருப்பதால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் சிலிண்டரைச் சோதிப்பது) கட்டாயம். வெளியே சிஎன்ஜி கிட் மாட்டினால் ஆர்.சி.யில் பதிந்தே ஆக வேண்டும். வீட்டு எல்பிஜி சிலிண்டரைக் காரில் வைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

கேள்வி: தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து மைலேஜ் கூட்டும் கிட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தருகிறது, ஆல்டர்னேட்டரை இன்ஜின் சுற்றுகிறது, இன்ஜின் பெட்ரோலில் ஓடுகிறது. போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்ப வரும்.

கேள்வி: கொடைக்கானல் மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்தானே?

பதில்: கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும், எரிபொருள் அடியோடு நிற்கும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடிக்கும். அதோடு முழுப் பாரமும் பிரேக்கில் விழும். வளைவுக்கு வளைவு மிதித்துச் சூடேறினால் பிரேக் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார் வாங்கலாமா?

பதில்: சென்னை நெரிசலில் தினமும் ஓட்டினால் வாங்கலாம். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புவதுதான் அதன் பலம். தினமும் நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்த லாபம் மிகவும் குறைவு. அவர் சாதாரண பெட்ரோல் வண்டியை நூறுக்குப் பதில் எண்பதில் ஓட்டினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.