முளைத்த பல், முற்றாத வேர்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 8 வயது. பள்ளிக்கூடத்துக் குழாயடியில் வழுக்கி விழுந்ததில் மேல் முன்பல் உடைந்தது. இப்போது ஈறில் சீழ்க்கொப்புளம். ரூட் கேனால் வேண்டாம், வேரே வளரும் சிகிச்சை இருக்கிறது என்கிறார்களே, நிஜமா?
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: நிஜம்தான் அம்மா. மேல் முன்பல் 7, 8 வயதில் முளைத்தாலும் வேர்நுனி மூட 10 வயதாகிவிடும். அதுவரை எக்ஸ்ரேயில் நுனி திறந்த குழல்போலத் தெரியும், சுவரும் மெலிசு. அப்படியே ரூட் கேனால் செய்து அடைத்தால் பிற்பாடு வேர் முறியும் பயம் உண்டு.

அதனால் வேருக்குள் இருக்கும் குழலைக் கழுவி, கிருமி அடங்க மருந்து வைத்துச் சில வாரம் விடுவோம். பிறகு மெல்லிய ஊசியால் வேர்நுனியைத் தாண்டி லேசாகத் தீண்டி, ரத்தம் ஊறவைப்போம். உறைந்த அந்த ரத்தத்தின்மேல் எம்.டி.ஏ. என்கிற பல் அடைக்கும் சிமெண்ட். புதுத் திசுவாக வளரக்கூடிய ஸ்டெம் செல்கள் ரத்தத்தோடு வந்து சேரும். மேலூர்ப் பக்கத்துச் சிறுமி ஒருத்திக்கு ஒரு வருஷத்தில் வேர்ச்சுவர் தடித்திருந்ததை எக்ஸ்ரேயில் அவள் அம்மாவுக்கு விரல்வைத்துக் காட்டினேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. எல்லாருக்கும் அப்படி வளராது, பல் நிறம் மங்கலாம். வேர் முற்றிய பெரியவர்களுக்கு இன்றும் ரூட் கேனால்தான் வழக்கம்.

கிராம்பு எண்ணெய் தடவி நாள் கடத்தாதீர்கள். இந்த வாரமே பழைய எக்ஸ்ரேயுடன் குழந்தைகள் பல் மருத்துவரைப் பாருங்கள்.