திருவல்லிக்கேணியில் எங்கே சாப்பிடலாம்? முதலில் மணி என்ன என்று சொல்லுங்கள்

கேட்டிருப்பது இதுதான்: சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள், திருவல்லிக்கேணியில் ஐந்து நாள் தங்கல், ஒருவர் சுத்த சைவம், நல்ல சாப்பாட்டுக்கு எங்கே போவது?

எனக்கு இதில் பதில் சொல்லும் தகுதி உண்டு. ஊரிலிருந்து வேலை தேடி வந்தவன், நான்கு வருடம் அங்கே ஒரு மேன்ஷனின் மூன்றாவது மாடியில் இருந்தேன். மூன்று கட்டில், ஒரு ஃபேன், ஜன்னலில் காயும் மூன்று பேர் துணி. அறையில் சமைக்கக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம். மேனேஜர் எப்போதாவது திடீர் சோதனை போட்டு, கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த கரண்ட் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஆக நான்கு வருடமும் மூன்று வேளையும் வெளியில்தான். இப்போது இருப்பது வேளச்சேரியில். ஆனாலும் மாதம் ஒரு முறையாவது ஏதாவது சாக்கு வைத்து அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.

ஹோட்டல் பெயர்களைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று. திருவல்லிக்கேணியில் எந்தக் கடைக்குப் போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் முக்கியம். தனிக்கட்டை ஆண்களுக்குச் சோறு போட்டு வளர்ந்த பேட்டை அது. அவர்கள் ஆபீஸ் போகுமுன் டிபன், மதியம் சாப்பாடு, சாயங்காலம் டீ, ராத்திரி பரோட்டா என்று அந்தந்த நேரத்துக்குத்தான் அடுப்பு எரியும். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் யூடியூப் பார்த்துவிட்டு மெஸ் சாப்பாடு சாப்பிடக் குடும்பத்தோடு மத்தியானம் மூன்றரைக்குப் போனார். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டுத் தரை கழுவிக்கொண்டிருந்தார்களாம். பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பி வந்து, “அங்க ஒண்ணுமே இல்லப்பா” என்றார். அவருக்கு என்ன சொல்ல?

சரி, காலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். டெஸ்ட் மேட்ச் ஒன்பதரைக்குத் தொடங்கிவிடும். வாசலில் சோதனை, வரிசை எல்லாம் இருக்கும். ஏழு, ஏழரைக்குள் டிபன் முடித்துவிட வேண்டும். முதல் நாள் யோசிக்கவே வேண்டாம், ஹைரோட்டில் ரத்னா கஃபே. 1948-இல் தொடங்கிய கடை. இதில் ஒரு வேடிக்கை: தென்னிந்திய சாம்பாருக்கு இவ்வளவு பேர் வாங்கிய இந்தக் கடையை ஆரம்பித்தது ஒரு வடநாட்டுக் குடும்பம்.

அங்கே சாம்பார் இட்லி கேளுங்கள். வெறும் இட்லி கேட்டு சாம்பாரைத் தனியாக வைத்துத் தொட்டுக்கொள்ளும் நாகரிகத்தை இங்கே விட்டுவிடலாம். தட்டில் இரண்டு இட்லி வரும், அதன்மேல் சாம்பாரை ஊற்றுவார்கள். இட்லி தீவு போலத் தெரியும் வரைக்கும் அல்ல, மூழ்கும் வரைக்கும். கொஞ்சம் இனிப்பு தட்டும், காரம் பின்னால்தான் வரும். ஸ்பூனால் ஓரத்தை வெட்டி எடுத்தால், வெட்டிய வாய் வழியாக சாம்பார் உள்ளே ஏறுவது தெரியும். பாதி இட்லி முடிவதற்குள் சாம்பார் வற்றிப்போகும். நீங்கள் கூப்பிடக்கூட வேண்டாம், பாத்திரத்தோடு சுற்றி வருபவர் உங்கள் தட்டைப் பார்த்துவிட்டு மறுபடி ஊற்றிவிட்டுப் போவார். எங்கள் அறையில் ஒருவன் இரண்டு இட்லிக்கு நான்கு முறை ஊற்ற வைத்துக் கடைசியில் தட்டைத் தூக்கிக் குடித்துவிடுவான். யாரும் முகம் சுளித்ததில்லை. பக்கத்து மேஜைக்காரரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார். முடித்ததும் காபி. அதில் கூடுதல் சர்க்கரை விழுந்துவிடும், முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அங்கே இன்று சாம்பார் பழைய மாதிரி இல்லை என்று சொல்ல ஒரு ஆள் எப்போதும் கிடைப்பார். நான் குடியிருந்த காலத்திலும் இதைச் சொன்னார்கள்.

சைவ நண்பரை ஒரு நாள் காலையில் பார்த்தசாரதி கோயில் பக்கம் அழைத்துப் போங்கள். மூலவருக்குப் பெரிய மீசை, பார்த்தே ஆக வேண்டும். சாமி கும்பிட்டுவிட்டுப் பிரசாத ஸ்டாலில் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் வாங்கிக்கொள்ளலாம். புளியோதரை எண்ணெய் மினுங்க, மிளகாய் வற்றல் கறுத்துப் போய், கையில் ஒட்டிக்கொண்டு இருக்கும். அதை அங்கேயே ஓரமாக நின்று தின்ன வேண்டும், பார்சல் கட்டி லாட்ஜுக்குக் கொண்டுபோனால் வேறு சாப்பாடு ஆகிவிடுகிறது. ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை. சுற்றியிருக்கும் மாட வீதிகளில் காலை நேரத்தில் நடந்தாலே டிகாக்‌ஷன் வாசனை வழிகாட்டும். அல்லி பூத்த கேணி இருந்த ஊர் என்றுதான் ‘திருவல்லிக்கேணி’ என்று பெயர். கேணி இன்னும் குளமாக இருக்கிறது. அல்லியைத்தான் தேட வேண்டும்.

மதியத்துக்கு உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உணவு இடைவேளை நாற்பது நிமிடம். வெளியே வந்தால் பெரும்பாலும் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகவும் முடியாது. ஆகவே ஆட்டம் நடக்கிற நாளில் மதியம் ஸ்டேடியத்துக்குள் விற்பதைத் தின்பதுதான் விதி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று, இப்போதெல்லாம் ஐந்து நாள் டெஸ்ட் எங்கே ஐந்து நாள் நடக்கிறது? சேப்பாக்கத்து மண்ணில் மூன்றாம் நாளே பந்து திரும்ப ஆரம்பித்துவிடும். நான்காம் நாள் காலையிலேயே ஆட்டம் முடிந்து வெளியே வந்தீர்கள் என்றால் அழ வேண்டாம், உங்களுக்கு மெஸ் சாப்பாடு லபித்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மீன் சாப்பிடும் இருவருக்கு நாயர் மெஸ். பெல்ஸ் ரோட்டை ஒட்டிய சந்துக்குள், ஸ்டேடியத்திலிருந்து நடக்கிற தூரம். 1961 முதல் இருக்கிறது. சோறு, மீன் குழம்பு, வஞ்சிரம் வறுவல், அவ்வளவு போதும். மேட்ச் முடிந்த நாளில் பாதி ஸ்டேடியம் அங்கேதான் நிற்கும். நீங்கள் கொஞ்சம் வேகமாக நடந்தால் நல்லது.

சைவத்துக்கு அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ். எங்கள் மேன்ஷன் கூட்டத்துக்கு அது கோயில் மாதிரி. டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். நிற்கும்போது சுற்றிலும் பாருங்கள்: கையில் ஃபைலோடு இன்டர்வியூவுக்கு வந்தவன், மெடிக்கல் ரெப், சினிமாவில் உதவி இயக்குநராக முயற்சி செய்பவன், போட்டித் தேர்வுக்குப் படிப்பவன், ரிட்டயர் ஆகியும் மேன்ஷனை விட்டுப் போகாத பெரியவர். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள், எல்லோருடைய கண்ணும் வாசலில் இருக்கும். உள்ளே விட்டதும் அரட்டைக்கு இடமில்லை. சோறு, சாம்பார், ரசம், மோர் என்று அடுத்தடுத்து வந்து விழும். உங்கள் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்தி காத்திருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே தெரியும். பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். ருசி? வீட்டுச் சாப்பாடு ருசி. அம்மா நன்றாகச் சமைத்த நாளின் ருசி என்று சொல்ல மாட்டேன், சாதாரண செவ்வாய்க்கிழமை சாப்பாடு. வீட்டை விட்டு வந்தவனுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. காரமும் எண்ணெயும் தூக்கலாக இருந்தால் தினமும் சாப்பிட முடியாது இல்லையா?

எல்லா மெஸ்ஸும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். வந்த புதிதில் வேறொரு மெஸ்ஸில் மாதக் கார்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். முதல் வாரம் பொரியல், கூட்டு, அப்பளம் எல்லாம் வந்தது. பத்தாம் தேதிக்குள் கூட்டு காணாமல் போனது, பதினைந்துக்கு மேல் சாம்பாரும் ரசமும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாத அளவுக்கு நெருங்கிவிட்டன. கடைசி வாரம் முழுக்க டீயும் பன்னும்தான், கார்டில் ஏழு டோக்கன் மிச்சம். ஐந்து நாளுக்கு வருபவர்களிடம் யாரும் மாதக் கார்டு விற்க மாட்டார்கள், கவலை வேண்டாம்.

சாயங்காலம். ஆட்டம் முடிந்து ஸ்டேடியத்திலிருந்து வரும் கூட்டத்தோடு பைகிராஃப்ட்ஸ் ரோட்டில், அதாவது பாரதி சாலையில், நடங்கள். பழைய புத்தகக் கடைகள் இருக்கும், நின்று பாருங்கள். டீக்கடையில் சின்ன வெங்காயச் சமோசா சூடாக எடுக்கும் நேரம் அது. மெல்லிய மாவு, கடித்தால் நொறுங்கும். இரண்டு எடுக்கலாம் என்று கை போடுவீர்கள், ஆறு தின்ற பிறகுதான் நிறுத்துவீர்கள். அதே சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் மெரினா. தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, மீன் வறுவல் எல்லாம் உண்டு. கடற்கரை மீன் வறுவலில் மட்டும் ஒரு எச்சரிக்கை: வெளியே சிவப்பாகத் தடவி அடுக்கி வைத்திருப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காலையிலிருந்து அடுக்கியதா என்று கேட்டால் உண்மை வராது. கூட்டம் நிற்கிற கடையில், கண் முன்னால் பொரித்துத் தருவதை மட்டும் சாப்பிடுங்கள்.

நீங்கள் வருவது ரமலானில் விழுந்தால் ஹைரோட்டில் இருக்கும் வாலாஜா பெரிய மசூதிப் பக்கம் ஒரு மாலை போய்ப் பாருங்கள். 1795-இல் ஆற்காட்டு நவாப் குடும்பம் கட்டியது. நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு அங்கே பல வருடங்களாகச் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறுவது மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். மயிலாப்பூரில் சைவமாகச் சமைத்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல். அதை ஒரு சுற்றுலாக் காட்சியாக நினைத்துப் போனை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், அவ்வளவுதான். நோன்புக் கஞ்சி என்றால் எனக்கு மேன்ஷன்தான் ஞாபகம் வரும். கீழ்த்தளத்தில் இருந்த பாய் ஒருவர் தூக்குவாளியில் கஞ்சி வாங்கி வந்து மாடிப்படியில் நின்று கூப்பிடுவார். நாங்கள் ஆளுக்கொரு டம்ளரோடு இறங்குவோம். குழைந்த அரிசி, பூண்டு, வெந்தயம், எங்கேயாவது ஒரு துணுக்குக் கறி. மழை நாளில் அதை விடப் பெரிய விருந்து எதுவும் எனக்குத் தெரியாது.

ராத்திரிக்குப் பிரியாணி. இதில் நான் பெயர் சொல்லப் போவதில்லை, சொன்னால் கீழே வந்து சண்டைக்கு நிற்பார்கள். தேக்சாவை, அதாவது பிரியாணி அண்டாவை, தம் உடைக்கும் நேரத்தில் போய் நிற்பதுதான் முக்கியம். மூடியைத் திறந்ததும் வருகிற முதல் அரை மணி நேரத்துப் பிரியாணியும் இரண்டு மணி நேரம் கழித்து அடியிலிருந்து சுரண்டி வருவதும் ஒன்றல்ல. கடைக்காரரிடமே, “எப்ப பாய் தம் உடைப்பீங்க?” என்று கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்வார். மாதக் கடைசியில் நாங்கள் கறித்துண்டு இல்லாத குஸ்காவை வாங்கி, மேலே சால்னா ஊற்றச் சொல்லித் தின்போம். இன்றும் எனக்குப் பிரியாணியைவிடக் குஸ்காதான் ஒரு படி மேல். மவுண்ட் ரோடு வரைக்கும் நடக்கத் தெம்பிருந்தால் புகாரி இருக்கிறது, 1951-இல் வந்த கடை, சிக்கன் 65 தங்களுடையது என்று சொல்பவர்கள். வரலாற்றுக்காக ஒரு பிளேட் சாப்பிடலாம்.

பிரியாணிக்குப் பின்னால் தம்ரூட். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரவையும் கோவாவும் நெய்யும் சேர்த்துக் கிளறி, மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்டெடுப்பது. மேல்புறம் பழுப்பாக ஏடு பிடித்திருக்கும், உள்ளே ஈரமாக, மணல் மணலாக இருக்கும். பாஷா ஹல்வாவாலா கடை இதற்குப் பேர் போனது. துண்டு வெட்டிக் காகிதத்தில் வைத்துத் தருவதை வாங்கிய இடத்திலேயே சூட்டோடு தின்றுவிட்டு, ஊருக்கு எடுத்துப்போக இன்னொன்று கட்டச் சொல்லுங்கள். தம்ரூட்டில் முட்டை சேர்ப்பதுண்டு, அதனால் சைவ நண்பர் கேட்டுவிட்டுக் கை வைக்கட்டும்.

ஒரே ஒரு வேலை மட்டும் வந்து இறங்கியதும் செய்துவிடுங்கள். லாட்ஜ் ரிசப்ஷனில் காலை எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். மூன்று பேரும் குளித்து முடித்தால்தான் ஏழு மணிக்கு சாம்பார் இட்லி.